அவிச்சல் காம்பராவில் இரண்டு சம்பந்திகள்

ஹஸ்னா என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம்தான்.

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் அவர் சாய்ந்தமருதில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹஸ்னா என் முதலாளி அலியார் ஹாஜியாரின் மகள். கல்முனைக் கடற்கரைப் பக்கம் ஹாஜியார் கட்டிய சவுனா நிலையத்தை இப்போது அவர்தான் நடத்துகிறார்.

"சுலைமான் காக்கா, புது அடுப்பு வந்திரிக்கு. கைப்போனாலயே சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். நீங்க இவ்வளவு காலமும் செஞ்ச முறைய ஒரு பக்கத்தில எழுதித் தாங்க. சுவரில ஒட்டணும்" என்றார்.

அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் போன் வந்தது.

"எல்லாம் விளங்குது காக்கா. ஆனா ஏழாவதா, 'ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆளின் பேரைக் கேட்க வேண்டும்' எண்டு எழுதிரிக்கீங்க. என்னத்துக்குப் பேர்? வரக்குள்ளயே புத்தகத்தில எழுதுறம்தானே? எட்டாவதும் விளங்கல்ல. 'பேரில் சந்தேகம் வந்தால் கிழமையைக் கேட்க வேண்டும்' எண்டிரிக்கு."

அந்த இரண்டு வரியும் அவருடைய மூத்த மகனுக்குப் பேர் வைத்த விசயத்தோடு தொடுபட்டவை. அது நடந்தபோது ஹஸ்னா பிள்ளை பெற்று அறைக்குள் இருந்தார். பாதிக் கதைதான் அவருக்குத் தெரியும். மீதியைப் போனில் சொல்ல ஏலாது. அதனால் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது.

இந்தத் தொழிலுக்கு நான் விரும்பிப் போனவன் அல்ல. இருபத்தாறு வயதில் வளைகுடா நாடொன்றுக்குப் போனேன். ஒரு பெரிய ஹோட்டலில் துவாய் மடிக்கும் வேலை. வெளியே நின்றால் தலை சுற்றும் வெயில். அந்த வெயிலுக்குத் தப்பிக் குளிரூட்டிய ஹோட்டலுக்குள் வந்தவர்கள், உள்ளே இன்னொரு அறையை அடுப்பு வைத்துச் சூடாக்கி, அதற்குள் போய் உட்கார்ந்திருந்தார்கள். பலகையால் அடைத்த சிறிய அறை. மூலையில் மின் அடுப்பு, அதன் மேல் குவித்த கற்கள். சுவரோரம் உட்கார மேலும் கீழுமாக இரண்டு வாங்குகள். கண்ணாடிக்குள்ளால் முதல்முறை பார்த்தபோது, இவர்கள் ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர்கள் என்றே நினைத்தேன்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார். துவாயோடு பக்கத்தில் நின்றவன் நான் என்பதால் என்னை அங்கே நிறுத்தினார்கள். பதினாலு வருடம் நின்றேன்.

என் மேலாளர் பெக்கா என்ற பின்லாந்துக்காரர். நெட்டையான மனிதர். ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அது அவருக்குப் பெருநாள். காலையில் அடுப்பு போடுவதற்கு முன்பு தனியாக உள்ளே போவார். ஒவ்வொரு வாங்கிலும் ஒவ்வொரு இடமாக உட்கார்ந்து எழும்புவார். பலகையை உள்ளங்கையால் தடவுவார். எங்காவது ஓர் ஆணியின் தலை மயிரளவு மேலே வந்திருந்தாலும் அன்றைக்கு அறை திறக்காது. சூடேறிய ஆணியில் உட்கார்ந்தவன் பிறகு ஆயுளுக்கும் சவுனாப் பக்கம் வரமாட்டான் என்பார். பிறகு கதவு. உள்ளிருந்து ஒரு விரலால் தள்ளுவார். ஒரு விரலுக்குத் திறக்க வேண்டும். இரண்டு விரல் தேவைப்பட்டால் தச்சனைக் கூப்பிடுவார். சவுனாக் கதவுக்குப் பூட்டும் இல்லை, கொண்டியும் இல்லை. வெளிப்பக்கமாகத்தான் திறக்கும்.

"சூடு உள்ளே இருப்பவனுடையது. கதவு உன்னுடையது" என்று முதல் வாரம் சொன்னார். அதைத் திரும்பச் சொன்னதே இல்லை.

பேர் கேட்கும் வழக்கமும் அவருடையது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவை மெல்லத் தட்டித் திறந்து, உள்ளே இருப்பவரிடம் பேரைக் கேட்பார். அமைச்சராக இருந்தாலும் கேட்பார். பேர் அவருக்குத் தேவையில்லை. பதில் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைத்தான் கவனிப்பார். சூடு மிஞ்சிப் போனால் மனிதனுக்கு முதலில் கலங்குவது புத்தி. கலங்கியது அவனுக்கே தெரியாது. நல்லா இருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே விழுவான். ஒருமுறை ஒருவர் தன் பேரைச் சொல்லி, அறை இலக்கத்தையும் சொல்லி, தன் மனைவியின் பேரையும் சொன்னார். பெக்கா உடனே கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். "கேட்காததைச் சொல்கிறான்" என்றார். வெளியே வந்தவர் கதிரையில் உட்கார்ந்ததும் வாந்தி எடுத்தார்.

சேர்ந்து இரண்டு மாதம் கழித்து என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார். கீழ் வாங்கில் எட்டு நிமிடம். முதல் இரண்டு நிமிடம் மூக்குத்துளை எரிந்தது. நாலாவது நிமிடம் தோளிலிருந்து வியர்வை வழியத் தொடங்கியது. அகப்பையால் கல்லின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். புஸ் என்று எழும்பிய ஆவி முதுகில் வந்து படிந்தது. வெளியே வந்து குளிர்ந்த தண்ணீரில் முங்கி எழும்பி, துவாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தபோது, துவாய் மடித்து மடித்து வலித்துக்கொண்டிருந்த என் கழுத்து எங்கே போனது என்று தெரியவில்லை. உடம்பில் எடையே இல்லை. மனதில் ஒரு யோசனையும் இல்லை. அன்றிரவு வீட்டு நினைவு வராமல் தூங்கினேன். இதற்காகத்தான் காசு கொடுத்து வியர்க்கிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

நாற்பது வயதில் ஊருக்குத் திரும்பினேன். அந்த நேரம்தான் அலியார் ஹாஜியாருக்கு சவுனா ஆசை பிடித்திருந்தது. ஹாஜியார் அரிசி ஆலைக்காரர். நெல் அவித்துக் காய வைத்துக் குற்றுகிற பெரிய மில். மெசின் பார்க்க ஐரோப்பாவுக்குப் போனவரை அங்கே ஒரு சவுனாவுக்குள் கூட்டிப் போயிருக்கிறார்கள். பல வருடங்களாக விடியும் வரை புரண்டு புரண்டு படுக்கிற மனிதர், அன்றைக்குச் சுபஹுத் தொழுகைக்கு ஆள் எழுப்பும் வரை தூங்கியிருக்கிறார். ஊருக்கு வந்ததும், வீட்டோடு ஒட்டிய வளவில் கடலைப் பார்த்தாற்போல ஒரு சவுனா கட்டினார். இந்தப் பக்கத்தில் அந்த வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று விசாரித்து ஆள் அனுப்பினார்.

ஊர் சிரித்தது. கல்முனையில் பங்குனி மாதம் பகல் ஒரு மணிக்குச் சந்தையடியில் நின்றால் சும்மாவே வியர்க்கும். "ஹாஜியார் நெல்லவிச்சு முடிச்சு இப்ப ஆளவிக்கத் தொடங்கிட்டாரு" என்றார்கள். சவுனா என்ற பேர் எவர் வாயிலும் நிற்கவில்லை. அவிச்சல் காம்பரா என்று வைத்தார்கள். ஓட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால்தான் வழி தெரியும்.

திறப்பு விழா இன்னும் மோசம். அடுப்புக்கான கல் கப்பலில் பிந்திவிட்டது. ஹாஜியாருக்குப் பொறுமை இல்லை. கடற்கரையில் கிடந்த முருகைக்கல்லைப் பொறுக்கி அடுக்கச் சொன்னார். இது சூடு தாங்காது ஹாஜியார் என்றேன். கல்லுக்கென்ன சூடு என்றார். துஆ ஓதி முடித்துப் பெரியவர்கள் ஆறு பேர் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். முதல் அகப்பைத் தண்ணீரை ஹாஜியாரே ஊற்றினார். கல் படார் என்று வெடித்தது. யுத்தம் கண்ட எங்கள் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டால் ஓடிய பிறகுதான் காரணம் கேட்போம். ஆறு பேரும் சாரனைப் பிடித்துக்கொண்டு கடற்கரை வரை ஓடினார்கள். வெளியில் நின்ற விருந்தாளிகளும் ஓடினார்கள். ஹாஜியாரும் ஓடினார். நல்ல வேளை, ஒருவருக்கும் காயமில்லை. சாகாமம் பக்கமிருந்து கருங்கல் கொண்டு வந்து போட்ட பிறகும் ஒரு மாதத்துக்கு ஒரு குருவி வரவில்லை.

மாரி மழை தொடங்கியதும் நிலைமை மாறியது. விடியற்காலையில் நனைந்து கரையேறுகிற மீனவர்கள் இரண்டு பேர் முதலில் வந்தார்கள். தோள்மூட்டு இளகியது என்று சொல்லி இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தார்கள். மருதமுனையிலிருந்து கைத்தறிக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். நாள் முழுக்கத் தறியில் குனிந்திருந்த முதுகை அந்தச் சூட்டில் நிமிர்த்தும்போது அவர்கள் விடுகிற பெருமூச்சைக் கேட்கவே எனக்கு ஆசையாக இருக்கும். குளிர்ந்த தடாகம் எங்களிடம் இல்லை. கிணறு இருந்தது. வெளியே வந்ததும் இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றுவேன். பிறகு வெளி வாங்கில் உட்கார்ந்து கடற்காற்று வாங்குவார்கள். தேசிக்காய் பிழிந்த தண்ணியில் உப்புப் போட்டுக் கொடுப்பேன். பாதிப் பேர் அங்கேயே கண்ணயர்ந்து விடுவார்கள். கச்சான் காற்றுக் காலத்தில் மட்டும் ஒருவரும் வரமாட்டார்கள். வெளியிலும் உள்ளேயும் ஒரே சூடு. நோன்பு மாதப் பகலில் மூடிவிடுவோம். தண்ணீர் குடிக்காமல் வியர்க்க விடக்கூடாது.

வருத்தம் மாறும், நோய் தீரும் என்று நான் எவருக்கும் சொன்னதில்லை. சீனி வருத்தம் மாறாது, தொந்தி வற்றாது. ஒரு கடைக்காரர் போகும்போதும் வரும்போதும் தராசில் ஏறி நின்று, ஒரு கிலோ குறைந்துவிட்டது என்று குதித்தார். அதே வாங்கில் உட்கார்ந்து மூன்று இளநீர் குடித்தார். திரும்ப ஏறிப் பார்த்துவிட்டு, உன் தராசு பழுது என்று என்னை ஏசினார். உடம்பு இளகும், மனம் ஆறும், நித்திரை வரும். அதற்கு மேல் கேட்பவர்களை டொக்டரிடம் அனுப்புவேன். நெஞ்சு வருத்தக்காரர்கள், பிரஷர் குளிசை போடுகிறவர்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். காய்ச்சலோடு வந்தால் திருப்பி அனுப்புவேன். இந்த விதி எல்லாருக்கும் செல்லுபடியானது, ஒருவரைத் தவிர. அலியார் ஹாஜியார் பிரஷர் குளிசை போடுகிறவர். டொக்டர் அவருக்குக் கீழ் வாங்கில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அந்தப் பத்து நிமிடத்தையும் நான் ஒவ்வொரு முறையும் சண்டை பிடித்துத்தான் காப்பாற்றினேன்.

இனி ஹஸ்னா கேட்ட விசயத்துக்கு வருகிறேன்.

ஹஸ்னாவின் மாப்பிள்ளை நஸீர் மருதமுனை ஆள். அவருடைய வாப்பா இப்றாகிம் மாஸ்டர் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல், ஆனால் ஒரு சொல் விட்டுக்கொடுக்க மாட்டார். எங்கள் பக்க வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். ஆகவே முதல் பேரன் ஹாஜியார் வீட்டில் வளர வந்தான். ஏழாம் நாள் பேர் வைக்க வேண்டும். ஹாஜியார் தன் வாப்பாவின் பேரை வைக்கச் சொன்னார்: உதுமாலெப்பை. மாஸ்டர் தன் வாப்பாவின் பேரைச் சொன்னார்: கலந்தர்லெப்பை. மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் இடையில் சாப்பாட்டுக் கோப்பைகள் மூடியபடியே போய் மூடியபடியே திரும்பி வந்தன.

ஐந்தாம் நாள், ஒரு புதன்கிழமை, பகல் லுஹர் தொழுதுவிட்டு மாஸ்டர் பேரனைப் பார்க்க வந்தார். பின்னேரம் வரும் ஆட்களுக்காக அடுப்பைப் போட்டுவிட்டு, நான் சவுனா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வளவுக்குள் இருவரும் கதைத்தபடி வந்தார்கள்.

"மாஸ்டர், பிள்ளை எங்கட ஊட்டில வளரப் போறான். எங்கட பேர்தான் பொருத்தம்" என்றார் ஹாஜியார்.

"பிள்ளை எங்க வளர்ந்தாலும் வாப்பாட வழியாலதான் பேர் வரணும் ஹாஜியார். இது கணக்கு" என்றார் மாஸ்டர்.

"கணக்கு எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சா இப்படிக் கதைக்க மாட்டீங்க."

ஹாஜியாரின் முகம் சிவந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் பட்டது சவுனா.

"கதைச்சிப் பலனில்ல. வாங்க உள்ளுக்கு. ரெண்டு பேரும் இரிப்பம். ஆரு முதல் வெளிய வாறாரோ அவரு தோத்த. மத்தவரு பேர் வெக்கிற."

இது ஒரு பேச்சா என்று மாஸ்டர் சிரித்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"முப்பது வருசம் தகரக் கூரைக்குக் கீழ கணக்குப் படிப்பிச்ச ஆள் நான் ஹாஜியார். உங்கட பெட்டி என்ன என்னத்த செய்யும்?"

"நான் நெல் அவிக்கிற கொப்பறைக்குப் பக்கத்திலயே பிறந்து வளர்ந்தவன் மாஸ்டர்."

நான் குறுக்கே போய் நின்றேன். "ஹாஜியார், குளிசை போட்டிரிக்கீங்க. மாஸ்டர் ஒருநாளும் உள்ளுக்கு இருந்ததில்ல. புது ஆளுக்கு ஏழு நிமிசம்தான் கணக்கு."

"சுலைமான், ஆரு முதலாளி?" என்றார் ஹாஜியார்.

"நீங்கதான்."

"அப்ப கதவடியில நில்லு. ஆரு முதல் வாறாரு எண்டு மட்டும் பாரு."

இருவரும் சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போய், மேல் வாங்கில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்தினேன். நேரம் பார்த்தேன். பிறகு வெளிச்சுவரில் உள்ள அடுப்பின் திருகை அவர்களுக்குத் தெரியாமல் எண்பதிலிருந்து அறுபதுக்கு இறக்கினேன். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை, கதவுக் கண்ணாடியில் ஹாஜியாரின் விரல் தட்டியது. அடுப்பில் அணைந்து போன சிவப்பு விளக்கைக் காட்டினார்.

"ஆரு குறைச்ச? கூட்டு!"

மாஸ்டரும் தலையாட்டினார். திரும்ப எண்பதுக்குக் கூட்டினேன். அன்றைக்கு அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

ஐந்தாவது நிமிடம் கதவைத் தட்டித் திறந்தேன்.

"உங்கட பேர் என்ன?"

"அலியார். கதவைச் சாத்து, சூடு போகுது" என்றார் ஹாஜியார். தாமதமில்லாத பதில்.

"முகம்மது இப்றாகிம்" என்றார் மாஸ்டர், வகுப்பில் இடாப்புக் கூப்பிட்டதுபோல.

பத்தாவது நிமிடமும் அதே பதில். ஹாஜியாரிடம் டொக்டர் சொன்ன நேரம் முடிந்ததென்றேன். டொக்டர் பேரா வெக்கப் போறாரு என்று கேட்டார். இருவருக்கும் தேசிக்காய்த் தண்ணி நீட்டினேன். அடுத்தவர் குடிக்கிறாரா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். இருவரும் குடிக்கவில்லை. பதினைந்தாவது நிமிடம் மாஸ்டர் கீழ் வாங்குக்கு இறங்கினார். ஹாஜியார் சிரித்தார். "இறங்கினா வெளிய வந்தது எண்டில்ல. வாசல் தாண்டணும்" என்றார் மாஸ்டர். நான் அடுப்பை முழுதாக நிறுத்திவிட்டேன். அதனால் உடனே பலன் இல்லை. கருங்கல் சூடேறினால் அரை மணி நேரமாவது அனல் விடும்.

பதினெட்டாவது நிமிடம் திரும்பத் திறந்தேன்.

"ஹாஜியார், உங்கட பேர் என்ன?"

"உதுமாலெப்பை" என்றார்.

அவருடைய கையைப் பிடிக்க ஓரடி உள்ளே வைத்தேன். ஆனால் மாஸ்டர் கை தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா சுலைமான், சந்தில பேரைப் புகுத்துறாரு! அப்ப என்ட பேரையும் கேளுங்க."

"உங்கட பேர் என்ன மாஸ்டர்?"

"கலந்தர்லெப்பை!"

பதினாலு வருடம் வளைகுடாவில், அதற்குப் பிறகு இங்கே, ஆயிரக்கணக்கான பேரிடம் பேர் கேட்டிருக்கிறேன். மௌத்தாகி மண்ணுக்குள் போன இரண்டு பேர் மேல் வாங்கிலிருந்தும் கீழ் வாங்கிலிருந்தும் பதில் சொன்னது அன்றைக்குத்தான். இதில் எது வீம்பு, எது புத்தி தடுமாற்றம்? மாஸ்டர் வேண்டுமென்று சொல்கிறார் என்பது அவருடைய கண்ணில் தெரிந்தது. ஹாஜியாரின் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. பெக்கா இதற்கு ஒரு வழி சொல்லித் தந்திருக்கவில்லை. அவருடைய நாட்டில் பேரை வைத்து ஏமாற்ற வேண்டிய தேவை எவருக்கும் வந்திருக்காது.

பேரைத் தவிர வேறேதாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது.

"ஹாஜியார், இண்டைக்கு என்ன கிழமை?"

அவர் யோசித்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். ஆறு, ஏழு, எட்டு.

"வெள்ளிக்கிழமை" என்றார். பிறகு மெல்லச் சிரித்தார். "குத்பாவுக்கு நேரமாகுது. என்ட தொப்பிய எடு."

மாஸ்டரின் சிரிப்பு நின்றது. எழும்பி, கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, ஹாஜியாரின் முகத்தருகே போய்ப் பார்த்தார். கையைத் தொட்டார்.

"சுலைமான், இவருக்கு வேர்வை நிண்டு போச்சு. தோல் காஞ்சிரிக்கு."

நான் கதவை அகலத் திறந்தேன். "வெளிய வாங்க ஹாஜியார், போதும்."

"நான் முதலாளி" என்றார் ஹாஜியார். எழும்பப் பார்த்தார், கால் நிற்கவில்லை. சரிந்தவரை மாஸ்டர் நெஞ்சோடு தாங்கிக்கொண்டார். ஹாஜியார் நெல் மூட்டை போன்ற உடம்பு, மாஸ்டர் அதில் பாதி. நான் காலைத் தூக்கினேன். மாஸ்டர் கக்கத்துக்குள் கையைக் கொடுத்து, பின்பக்கமாக அடியெடுத்து வைத்து, வாசலைத் தாண்டி இழுத்து வந்தார். அவருடைய முதுகு முதலில் வெளியே வந்தது. அதை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருக்கிறார்.

வாசல் கூரை நிழலில் தரையில் கிடத்திக் காலை உயர்த்தி வைத்தோம். சாரனை இளக்கினோம். கிணற்றுத் தண்ணீரில் துவாயை நனைத்துக் கழுத்திலும் கக்கத்திலும் தொடையிடுக்கிலும் வைத்தேன். வாயில் ஒன்றும் ஊற்றவில்லை, அரை மயக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றினால் புரையேறும். அம்புலன்சுக்குப் போன் பண்ணினேன். மாஸ்டர் பாயால் விசுக்கிக்கொண்டே இருந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது, உடம்பு நடுங்கியது. உட்காருங்கள் என்றேன், கேட்கவில்லை. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பத்து நிமிடம் போல நீளமான பத்து நிமிடத்தை நான் என் தொழிலில் கண்டதில்லை.

அம்புலன்ஸ் சத்தம் கேட்டபோது ஹாஜியார் கண்ணைத் திறந்தார். முதலில் மேலே கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆரு முதல் வெளிய வந்த?" என்று கேட்டார்.

மாஸ்டர் விசுக்குவதை நிறுத்தினார்.

"நான்தான்" என்றார். "என்ட முதுகு முதல் வந்த. உங்கட கால் கடைசியா வந்த. நீங்க வெண்டுட்டீங்க ஹாஜியார்."

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். இளம் டொக்டர் ஒருவர் வந்து கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்து, "உங்கட பேர் என்ன?" என்று கேட்டார். நானும் மாஸ்டரும் கட்டிலுக்குக் கிட்டக் குனிந்தோம்.

"அலியார்" என்றார் ஹாஜியார். "ஆனா பிள்ளைக்கு உதுமாலெப்பை."

டொக்டர் எங்களைப் பார்த்தார். "எந்தப் பிள்ளை? எப்படி இந்தச் சூடு பிடிச்சது?"

"பேர் வெக்கப் போன இடத்தில டொக்டர்" என்றார் மாஸ்டர்.

டொக்டர் பேனையைத் திறந்தார். பிறகு ஏதோ எழுதிவிட்டு, மாஸ்டரையும் பக்கத்துக் கட்டிலில் படுக்கச் சொன்னார். அவருக்கும் ஒரு சேலைன் ஏறியது.

மறுநாள் காலையில் நான் பிளேன்டித் தேத்தண்ணி கொண்டு போனேன். வார்டுக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது. இரண்டு சேலைன் போத்தலுக்கும் கீழே இருவரும் எழுந்து உட்கார்ந்து சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கலந்தர்லெப்பைதான் வெக்கணும்" என்று கத்தியவர் ஹாஜியார்.

"ஏலாது. உதுமாலெப்பைதான். நான் தோத்த ஆள்" என்றார் மாஸ்டர்.

"என்னத் தூக்கப் போய்த்தானே தோத்தீங்க. நீங்க தூக்காட்டி நான் மௌத்து. உங்கட வாப்பாட பேரைத்தான் வெக்கணும்."

"பாவம் பாத்துத் தாற பேர் எங்கட வாப்பாக்குத் தேவையில்ல."

"அப்ப எங்கட வாப்பாக்கு மட்டும் தேவையா?"

தாதி வந்து இருவரையும் ஏசினார். நோயாளிகள் எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். அன்று பகல் ஆஸ்பத்திரித் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோதும் சண்டை முடியவில்லை. முன்பு கோப்பை மூடித் திருப்பியவர்கள், இப்போது ஒருவர் வீட்டுக்கு மற்றவர் ஆள் அனுப்பி, உன் வாப்பாவின் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று மிரட்டினார்கள்.

ஏழாம் நாள் மௌலவி வந்தார். ஆட்டிறைச்சி அடுப்பில் கொதித்தது. கூடம் நிறைய ஆட்கள். மௌலவி பிள்ளையைக் கையில் வாங்கி, பேர் என்ன என்று கேட்டார்.

"கலந்தர்லெப்பை" என்றார் ஹாஜியார்.

"உதுமாலெப்பை" என்றார் மாஸ்டர்.

மௌலவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் மாறிப்போனது அவருக்குத் தெரியாது. ஆளுக்கு ஆள் அடுத்தவரின் கட்சிக்கு வாதாடியது கேட்டுக் குழம்பிப்போனார். அப்போது உள்ளறைத் திரை அசைந்தது. நஸீர் வந்து ஒரு துண்டுக் கடதாசியை மௌலவியிடம் கொடுத்தார். உள்ளேயிருந்து ஹஸ்னாவின் குரல் கேட்டது.

"அதில இரிக்கிற பேரை வெய்ங்க. நாலு மாசத்துக்கு முதலே நாங்க யோசிச்சு வெச்ச பேர்."

மௌலவி வாசித்தார். "ஸைத்."

"ஸைத்தா?" என்றார் ஹாஜியார். "அது ஆரு?"

"உங்கட பேரன்" என்றார் ஹஸ்னா.

மாஸ்டர்தான் முதலில் தலையாட்டினார். "ரெண்டே எழுத்து" என்றார், "இடாப்பில எழுத லேசு." ஹாஜியாருக்கு அது பிடித்துப்போயிற்று.

நான் வேலையை விடுவதாகச் சொன்னேன். கதவு என் பொறுப்பில் இருந்தது, பதினெட்டு நிமிடம் நான் அதன் முன்னால் முதலாளிக்குப் பயந்து நின்றேன். அந்தக் கணக்கு எனக்குள் தீரவில்லை. ஹாஜியார் கேட்டுவிட்டு எழும்பிப் போனார். பிறகு ஆலைத் தச்சனைக் கூப்பிட்டு ஒரு பலகை செய்வித்து, அதை சவுனா வாசலில் தன் கையாலேயே அடித்தார். 'இந்தக் கதவடியில் சுலைமான்தான் முதலாளி' என்று அதில் எழுதியிருந்தது. நான் இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தேன்.

டொக்டர் ஒத்துக்கொள்ள மூன்று மாதம் ஆனது. அதன் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அஸர் தொழுகைக்கு முன் இருவரும் வந்தார்கள். கீழ் வாங்கில் எட்டு நிமிடம், அடுப்பு எழுபதில். முதல் புதன்கிழமை எட்டு நிமிடம் முடிந்ததும் கதவைத் தட்டினேன். இருவரும் எழும்பி வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"நீங்க முதல் போங்க மாஸ்டர்" என்றார் ஹாஜியார்.

"இல்ல, நீங்க போங்க ஹாஜியார்" என்றார் மாஸ்டர்.

"சீ, உங்களுக்கு முன்னால நான் போறதா?"

"மரியாதை எண்டு ஒண்டு இரிக்குத்தானே."

ஒன்பதாவது நிமிடம் போனது. பத்தும் போனது. பகையில் பதினெட்டு நிமிடம் இருந்தவர்கள் மரியாதையில் அரை மணி நேரம் இருந்துவிடுவார்கள் போலிருந்தது. வாசலில் அடித்த பலகையைக் காட்டி, ஆளுக்கொரு கையைப் பிடித்து ஒன்றாக இழுத்தேன். இரண்டு தோளும் கதவு நிலையில் இறுகின. இன்னொரு இழுப்பில் இருவரும் சேர்ந்து என் மேல் வந்து விழுந்தார்கள். அடுத்த வாரமே கதவை நாலடி அகலமாக்கச் சொன்னேன். கொஞ்சம் சூடு வீணாகும், ஆகட்டும்.

அன்றைக்கு இருவரும் வெளி வாங்கில் உட்கார்ந்தார்கள். கடலிலிருந்து நல்ல காற்று வந்தது. தேசிக்காய்த் தண்ணியைக் குடித்து முடித்தார்கள். வாளித் தண்ணீரை நான் எடுத்து வருவதற்குள் ஹாஜியாரின் தலை மாஸ்டரின் தோளில் சாய்ந்திருந்தது, மாஸ்டரின் தலை அதன் மேல் சாய்ந்திருந்தது. இரண்டு பேரும் நல்ல குறட்டை. கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். பிறகு அஸருக்குப் பாங்கு சொன்னது. எழுப்ப வேண்டும். யாரை முதலில் எழுப்புவது என்று வாளியைப் பிடித்துக்கொண்டு நின்று யோசித்தேன்.

கடைசியில் ஒரே வாளியை இரண்டு தலையிலும் ஒன்றாகக் கவிழ்த்தேன்.